கீட்டோகோனசோல் ஷாம்பூ ஈரலைப் பாதிக்குமா?

செம்பருத்தி:
தலையில் மஞ்சள் பிசுக்கோடு செதில், காதுக்குப் பின்னாலும் புருவத்திலும்கூட. செபோரிக் டெர்மடைடிஸ் (எண்ணெய்ப்பசையுள்ள தோலில் செதிலோடு வரும் அழற்சி) என்று 2% கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி ஷாம்பூவை வாரம் 2 முறை, 4 வாரத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மருந்து ஈரலைக் கெடுக்கும், ஐரோப்பாவில் நிறுத்திவிட்டார்கள் என்று படித்தேன். 2 வாரமாகியும் அரிப்பு பாதிதான் குறைந்திருக்கிறது. தொடரலாமா, ஜிங்க் அல்லது தார் ஷாம்பூவுக்கு மாறிவிடலாமா?

மருந்துச்சீட்டு:
தொடருங்கள். நீங்கள் படித்தது மாத்திரை பற்றியது. 2013 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை நிறுத்தச் சொன்னது வாய்வழி கீட்டோகோனசோலைத்தான். மாத்திரை ஈரல் வழியாகப் போகிறது. ஷாம்பூ சில நிமிடம் தோல்மேல் நின்று தண்ணீரோடு போய்விடுகிறது, ரத்தத்தில் பொருட்படுத்தும் அளவுக்குச் சேர்வதில்லை.

பாதிதான் குறைந்தது என்றால் போடும் விதத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் முடிக்குப் போடுகிறார்கள், தோலுக்குப் போடுவதில்லை. முதலில் சாதாரண ஷாம்பூவால் பிசுக்கை அலசிவிடுங்கள். சொட்டும் ஈரத்தைப் பிழிந்தெடுங்கள், இல்லாவிட்டால் மருந்து நீர்த்துவிடும். பிறகு 5 முதல் 10 மி.லி. எடுத்து, வகிடு வகிடாக முடியைப் பிரித்து, விரல் நுனியால் தோலில் தடவுங்கள். நகம் படவே கூடாது. செதிலைச் சுரண்டினால் அடியில் கசியும் சிவந்த தோல்தான் மிஞ்சும், அடுத்த முறை அங்கேதான் எரியும். அதே நுரையைக் கண்ணை மூடிக்கொண்டு புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் வையுங்கள். கடிகாரம் பார்த்து 3 முதல் 5 நிமிடம். நுரை வந்ததும் அலசினால் காசுதான் கழுவிப்போகும்.

4 வாரம் முடிந்ததும் அடியோடு விடாதீர்கள். இந்தச் செதிலைத் தூண்டும் மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) எல்லோர் தோலிலும் குடியிருப்பது, தோலின் எண்ணெயைத் தின்று வாழ்வது. அதை ஒழிக்க முடியாது, அடக்கத்தான் முடியும். 1 அல்லது 2 வாரத்துக்கு ஒரு முறை போட்டு வந்தால் பெரும்பாலும் திரும்பாது.

வெள்ளைக்கோட்டு:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மாற நினைக்கும் இரண்டையும் பற்றி மட்டும்:

ஜிங்க் ஷாம்பூவில் இருக்கும் ஜிங்க் பைரிதியோனை 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் தடை செய்தது உண்மை. இனப்பெருக்க நச்சு என்று வகைப்படுத்தப்பட்டதால் சட்டப்படி வந்த தடை அது. கழுவிவிடும் பொடுகு ஷாம்பூவில் 1% வரை பாதுகாப்பானது என்று அவர்களுடைய அறிவியல் குழுவே 2020இல் சொல்லியிருந்தது. பீதியடைய வேண்டியதில்லை, ஆனால் கர்ப்பமாக இருப்பவர் எந்த மருந்து ஷாம்பூவையும் கேட்டுவிட்டே போடுவது நல்லது.

தார் வேறு கதை. போட்ட 24 மணி நேரத்துக்கு வெயிலில் தோல் எளிதில் கருகும். வெளுத்த முடியிலும் தலையணையிலும் கறை ஏறும். இன்னொரு பொடுகு ஷாம்பூவான செலினியம் சல்ஃபைடு என்றால் மோதிரத்தைக் கழற்றுங்கள், வெள்ளி கறுக்கும். புண்ணான தோலில் போடாதீர்கள்.

செம்பருத்தி:
நன்றி. 5 நிமிடத்துக்குப் பதில் 15 நிமிடம் விட்டால் சீக்கிரம் அடங்குமா?

மருந்துச்சீட்டு:
அடங்காது. கூடுதல் 10 நிமிடமும் நுரைக்கும் சோப்புப்பொருள்தான் தோலை உலர்த்தும். வறண்ட தோலின் அரிப்பைப் பொடுகு என்று நினைத்து இன்னும் அதிகமாகப் போடுவீர்கள். 15 நிமிடக் கணக்கு குளோபெட்டாசோல் ஸ்டீராய்டு ஷாம்பூவுக்கு உரியது, அதுவும் உலர்ந்த தலையில். தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் கூடாது.

வெள்ளைக்கோட்டு:
ஒன்று விட்டுப்போனது. ஷாம்பூ ஒவ்வாமை தலையில் தெரிவதற்கு முன்பே நுரை வழியும் இமையிலும் கழுத்திலும் தெரியும், அங்கே தோல் மெல்லியது. இமை வீங்கினால் உடனே நிறுத்துங்கள். வெள்ளிநிறத் தடித்த செதில் நெற்றி எல்லையைத் தாண்டினால் சோரியாசிஸா என்று பார்க்க வேண்டும். குழந்தைக்கு முடி ஒடிந்து திட்டுத் திட்டாக வழுக்கை விழுந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஷாம்பூ மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும்.