எல்லையிணை வட்டார ஆய்வு மையம்: ஒரு பரிந்துரை

ஐயன்மீர், அம்மையீர், வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்காக நாங்கள் தொகுத்துவரும் உயர்கல்விக் கையேட்டில், அண்டை நாடுகளின் பல்கலைக்கழகங்கள் கூடித் தங்கள் எல்லைப் பகுதியை ஆராயும் மையங்களுக்கு ஒரு பொதுப்பெயர் தேவைப்படுகிறது. ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், லக்சம்பர்க் ஆகிய நான்கு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் எல்லை ஆய்வு மையம் இதற்கு நல்ல சான்று. ஓடர் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1991இல் நிறுவப்பட்ட வியாட்ரினா பல்கலைக்கழகமும், போலந்தின் போஸ்னான் பல்கலைக்கழகமும் சேர்ந்து, எதிர்க்கரையிலுள்ள சுவுபிட்சே நகரில் ஒரு கல்விக்கூடத்தை நடத்துகின்றன. அந்த எதிர்க்கரை 1945 வரை பிராங்பர்ட்டின் புறநகராகவே இருந்தது.

ஆங்கிலத்தின் ‘cross-border’ என்பதற்கு ‘எல்லை தாண்டிய’ என்பதே போதும் என்று சிலர் எங்களுக்கு எழுதியிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாளிதழில் எல்லை தாண்டுவோர் கைதாகும் மீனவர்கள், கடத்தல்காரர்கள், பயங்கரவாதிகள் ஆகியோரே. அண்டை நாடுகளில் குடியிருந்துகொண்டு லக்சம்பர்க்கில் வேலை பார்ப்போர் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களை ‘எல்லை தாண்டிய தொழிலாளர்’ என்று எழுதினால், தாய்லாந்து எல்லைக்கு அருகில் வாழும் கெடா வாசகர், பெர்மிட் இல்லாதவர்கள் என்றே புரிந்துகொள்வார். ‘எல்லை கடந்த’ என்பதோ அன்புக்கும் பேரின்பத்துக்கும் உரிய அடைமொழியாகிவிட்டது.

பள்ளி விளையாட்டில் மலாய்மொழியின் ‘மெரந்தாஸ் டேசா’ குறுக்கோட்டம் ஆனதுபோல, ‘cross-border’ என்பதன் மலாய்ச் சொல்லான ‘ரெந்தாஸ் செம்படான்’ ‘குறுக்கெல்லை’ ஆகலாம் என்ற யோசனை சுவையானதுதான். ஆனால் கேட்பவருக்குக் குறுக்கே போடப்பட்ட வேலிதான் நினைவுக்கு வரும். ‘எல்லையூடு’ என்பதில் ‘ஊடுபயிர்’ போன்ற நல்ல வழக்கு துணை நிற்கிறது என்றாலும், எல்லையை அடுத்து ‘ஊடு’ வந்தால் வாய் தானாகவே ‘ஊடுருவல்’ என்று முடித்துவிடுகிறது.

ஆகவே ‘எல்லையிணை’ என்பதை முன்வைக்கிறேன். இம்மையங்களில் யாரும் எதையும் தாண்டுவதில்லை. இரு பக்கமும் ஒரே ஆய்வுக்களமாக இணைகின்றன. ‘எல்லையிணைத் தொழிலாளர்’, ‘எல்லையிணைக் கல்வி’, ‘எல்லையிணைப் போக்குவரத்து’ என்று கிளைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன. 2017 முதல் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்கு ஓடும் டிராமுக்குக் கடைசிச் சொல் பொருத்தமாக அமைகிறது. ‘இணைப் பேராசிரியர்’ என்பதிலுள்ள ‘இணை’யோடு குழப்பம் வரும் என்போருக்கு ஒன்று சொல்வேன்: அங்கே அது முன்னே நிற்கிறது, இங்கே பின்னே வருகிறது.

பெயரின் அடுத்த பகுதியான ‘வட்டார’ என்பதற்குப் பதிலாகத் தமிழக நண்பர்கள் ‘பிராந்திய’ என்பதை விரும்புகிறார்கள். அவர்களுக்கு ‘வட்டாரம்’ என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம். நமக்கோ ஆசியான் முழுவதும் ஒரு வட்டாரம். கையேடு இங்கே படிக்கப்படுவதால் ‘வட்டாரம்’ இருக்கட்டும். ஆனால் ‘வட்டாரவியல்’ வேண்டாம். வரலாறு, சட்டம், பொருளியல், மொழி எல்லாம் கூடும் இடத்தை ஒற்றைத் துறையாக அது காட்டுகிறது. வட்டார வழக்கை ஆராயும் துறை என்றும் தவறாகக் கொள்ளப்படும். ‘மையம்’ பற்றி விவாதமே தேவையில்லை.

பெயருக்குள் ‘பல்கலைக்கழக’ என்பதையும் சேர்த்தால் ‘எல்லையிணை’ பல்கலைக்கழகத்தைத் தழுவுகிறதா, வட்டாரத்தைத் தழுவுகிறதா என்ற ஐயம் எழுவதால் அதை விட்டுவிட்டேன். இலக்கணம் அறிந்தோர் இந்தத் தொகைச்சொல்லைப் பார்த்துச் சொன்னால், கையேடு அச்சுக்குப் போகுமுன் திருத்திக்கொள்வோம்.