பேருந்து நிலைய வைஃபை எண்ணி வைத்திருந்த திங்கட்கிழமைகள்

அய்யம்பேட்டையிலிருந்து ஒருவர்:

பேருந்து நிலையத்து இலவச வைஃபையில் எனக்கு நேர்ந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த நிலையம் இருக்கும் ஊரின் பெயர் வேண்டாம், தஞ்சை வட்டாரம்தான். அப்பாவைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் திங்கட்கிழமைதோறும் அழைத்துச் சென்றுகொண்டிருந்த காலத்தில், திரும்பும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் மஸ்கட்டில் இருக்கும் தம்பியிடம் வீடியோவில் பேசுவோம். என் கைப்பேசியின் அன்றாட டேட்டா அதற்குள் தீர்ந்திருக்கும். முதல் நாள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, நீளமான நிபந்தனைகளைப் படிக்காமலே 'சம்மதம்' என்பதைத் தொட்டவன் நான்தான், அதை மறுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அதுவும் தேவைப்படவில்லை. நிலையத்துக்குள் கால் வைத்ததும் கைப்பேசி தானாக இணைந்துவிடும்.

அப்பா போன பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருந்ததால் தனியாகப் போனேன். கைப்பேசி சட்டைப்பையில் இருந்தது. நான் எடுக்கவே இல்லை. அப்பாவை வழக்கமாக உட்காரவைக்கும் சிமெண்டு பெஞ்சைத் தாண்டும்போது குறுஞ்செய்தி வந்தது: "மீண்டும் வருக! இது தங்களின் 15-ஆவது வருகை. இனிப்பு வகைகளுக்கு 10 சதவீதத் தள்ளுபடி." அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்பாவோடு வந்தது சரியாகப் பதினான்கு முறை. எத்தனை வாரம் அலைந்தாய் என்று கேட்ட உறவினர்களுக்கெல்லாம் 'மூன்று மாதம் இருக்கும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான கணக்கு அந்த வைஃபைப் பெட்டியிடம் இருந்திருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து ஓர் ஆசிரியை:

என்னுடையது கும்பகோணத்தில் நடந்தது. மகனின் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் கடைசி நாள், கல்யாணத்துக்குப் போன இடத்தில் சிக்னல் இல்லை. கடைத்தெருவுக்கு வந்து தேடினால், ஒரே பெயரில் இரண்டு வைஃபைகள் தெரிந்தன. ஒன்றின் கடைசியில் மட்டும் ஓர் அடிக்கோடு. முதலில் கண்ணில் பட்டதை மகன் தொட்டுவிட்டான். அரசு முத்திரையைப் போன்ற ஒரு படத்துடன் பக்கம் திறந்து, ஆதார் எண்ணைக் கேட்டது. எட்டு இலக்கங்களை அவன் தட்டி முடித்திருந்தபோது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. "கடைசி நிமிஷம்மா, விடும்மா" என்று கடைத்தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

'சமர்ப்பி' என்பதை அழுத்தவில்லையே என்று பல நாள் ஆறுதலாக இருந்தேன். தட்டத் தட்ட ஒவ்வோர் எழுத்தையும் அனுப்பிவிடும்படி ஒரு பக்கத்தை எழுத முடியும் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னதிலிருந்து அந்த எட்டு இலக்கங்கள் எங்கே போயின என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திருவையாற்றிலிருந்து ஒரு கடைக்காரர்:

அய்யம்பேட்டை ஐயாவின் துயரம் புரிகிறது. ஆனால் பழியை முழுக்க வைஃபையின் மேல் போடுவது சரியல்ல. எண்ணும் ஓடிபியும் கேட்பது வியாபாரிகளின் கண்டுபிடிப்பு அன்று. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாமல் கிடந்த யாரோ ஒருவரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அதன் பிறகு 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையைப் பயன்படுத்துபவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே எண் கேட்பதில் தவறில்லை. அந்த எண்ணை வைத்து இனிப்பு விற்பதுதான் தவறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் கைப்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மறைத்து, வைஃபைக்கு ஒரு போலி முகவரியைக் காட்டுகின்றன. ஆப்பிளில் 2020 முதல் அப்படி. ஆனால் ஒரே வைஃபைக்குப் பெரும்பாலும் ஒரே போலி முகவரியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டும் என்பதால், ஏற்கெனவே எண்ணைக் கொடுத்த இடத்தில் அந்த மறைப்பினால் பயன் இல்லை. தானாக இணைவதை அணைத்து வையுங்கள். வங்கித் தளத்தில் என்ன பார்த்தீர்கள் என்பது இப்போதெல்லாம் மறையாக்கத்தால் வெளியே தெரியாது. எந்த வங்கி என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். டீச்சர் அம்மாவுக்கு: ஆதார் தளத்தில் கைரேகை முதலான பயோமெட்ரிக் பதிவுகளைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, இன்றே செய்யுங்கள். இரண்டு பெயர் தெரிந்தால் இரண்டையும் தொடாதீர்கள்; கடைக்காரரிடம் வாயைத் திறந்து கேளுங்கள்.

என் அனுபவம் சிறியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டத்தில், உரிமம் எதுவும் இல்லாமலே டீக்கடைகூட வைஃபை விற்கலாம் என்று ஆனதால் நானும் ஒரு பெட்டி வாங்கி மாட்டினேன். தெரிந்த ஒருவர் ஒரு நாள் வந்து, தன் மகளின் கைப்பேசி நேற்று நான்கு மணிக்கு என் கடையில் இணைந்திருந்ததா என்று கேட்டார். அதெல்லாம் எனக்குத் தெரியாது என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு பெட்டியில் இணைந்தவர்களின் பட்டியலைத் திறந்து நானே பார்த்தேன். பெண்ணின் பெயரிலேயே கைப்பேசி இருந்தது, 3:52 முதல் 4:31 வரை.

மன்னார்குடி ஆசிரியை:

ஐயா, அறிவுரைக்கு நன்றி, நான் கேட்கவில்லை. உங்கள் கடைசி நான்கு வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவரை அனுப்பிவிட்ட பிறகு நீங்கள் ஏன் பார்த்தீர்கள்?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி:

இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் நாள் கணக்கில் சிக்னல் இல்லை. தென்னை அத்தனையும் கிடந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்பதே சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தெரியாது. ஆறாம் நாள் பைக்கில் திருவாரூர் வரை போனேன். ஜெனரேட்டர் ஓடிய ஒரு கடையில், வந்தவர்களுக்கெல்லாம் வைஃபையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு தொங்கியது. பெயர், எண், யாருக்குப் பேசுகிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். அன்றைக்கு ஆதார் கேட்டிருந்தாலும் ரேகை கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆகவே ஊரெல்லாம் வைஃபை வேண்டாம் என்று பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

ஆனால் பொங்கலுக்குத் துணி எடுக்கப் போனபோது அதே கடையில் நின்றேன். அதே நோட்டில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். காற்றில் தாள் புரண்டதில் என் கையெழுத்து தெரிந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் 'மகன், சிங்கப்பூர்'. கிழித்துக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. உதவி செய்த இடம்.

அய்யம்பேட்டையிலிருந்து ஒருவர்:

வைஃபை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தம்பி அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அதே பெஞ்சிலிருந்துதான். திருவையாற்று நண்பர் சொன்னபடி தானாக இணைவதை அணைத்துவிட்டேன். ஆனால் எண் அவர்களிடம் இருக்கிறதே, இப்போது வீட்டில் இருக்கும்போதே தள்ளுபடிச் செய்தி வருகிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கச் சொல்லவும் வழி இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்கள் முழுமையாகக் கடைப்பிடிக்கப் பதினெட்டு மாத அவகாசமாம். காத்திருக்காமல் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதினைந்து வருகைகளையும் அழிக்கும்படி கேட்பதற்கு முன்னால், அந்தத் தேதிகளின் பட்டியலை ஒருமுறை எனக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.