சாலையைக் கடந்தால் அது ஒத்துழைப்பா? (கிண்டி – தரமணி ஆய்வு நிறுவனங்கள்)

தோல்காரன்:
நேத்து பறக்கும் ரயில் இழையில பெருங்குடியான் போற போக்குல ஒண்ணு எழுதிட்டுப் போனார். "கிண்டியிலிருந்து தரமணி வரைக்கும் இத்தனை ஆய்வு நிறுவனம் வரிசையா நிக்குது, ஒண்ணோட ஒண்ணு முகம் கொடுத்துப் பேசினதே இல்லை. இருந்தா ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க"ன்னு. படிச்சதுலேர்ந்து மனசு ஆறலை. இந்தாங்க உதாரணம். சர்தார் படேல் சாலைக்கு அந்தப் பக்கம் ஏ.சி. டெக், அதாவது அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1944ல தொடங்கினது. இந்தப் பக்கம் சிஎல்ஆர்ஐ, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948. தோல் தொழில்நுட்ப பி.டெக். ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துற படிப்பு. நாலு வருஷம் அந்தச் சாலையைக் கடந்தவன் சொல்றேன்.

பெருங்குடியான்:
சார், நான் கேட்டது ஆராய்ச்சி. நீங்க சொல்றது கிளாஸ். பையன் சாலையைக் கடந்து கிளாசுக்குப் போறது ஒத்துழைப்புன்னா, எங்க தெருப் பசங்க டியூஷன் போறதும் ஒத்துழைப்புதான்.

தோல்காரன்:
டியூஷனா? தோல் பதனிடுற டிரம்மைத் திறந்து, நீலம் பாரிச்ச ஈரத்தோல்ல ஒரு துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணில போட்டுப் பார்த்திருக்கீங்களா? சுருங்கினா, பதனிடப் போட்ட குரோம் உப்பு சரியா ஏறலைன்னு அர்த்தம். அந்தத் துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க வெறும் வாத்தியார்கள் இல்லை. அந்தக் குரோம் கழிவுநீர்ல போகாம இருக்க என்ன வழின்னு பக்கத்து அறையில ஆய்வு பண்ணிட்டிருந்த விஞ்ஞானிங்க. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள்ல இன்னிக்கு நிக்கிற ஆட்கள்ல பல பேர் அந்தச் சாலையைக் கடந்து வந்தவங்கதான். சிஎல்ஆர்ஐ இயக்குநரா இருந்த நாயுடம்மா போட்ட பாதை அது. அதைப் போய் டியூஷன்னு சொல்ற வாய்க்கு என்ன சொல்ல?

ட்சுகுபாவாசி:
ஜப்பான்ல ட்சுகுபா அறிவியல் நகரத்துல ஆறு வருஷம் இருந்தேன். 1963ல அமைச்சரவை முடிவு பண்ணி, டோக்கியோவிலிருந்து அரசு ஆய்வகங்களை மொத்தமா அங்கே நகர்த்தினாங்க. 2009ல ஏ.ஐ.எஸ்.டி.ங்கிற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், என்.ஐ.எம்.எஸ்.ங்கிற பொருளறிவியல் நிறுவனம், ட்சுகுபா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து டி.ஐ.ஏ.ன்னு நானோ தொழில்நுட்பத்துக்கு ஒரு கூட்டமைப்பு தொடங்கினாங்க. கே.இ.கே.ங்கிற துகள் முடுக்கி ஆய்வகம் பின்னாடி சேர்ந்தது. ஒருத்தர் கட்டின சுத்த அறையில (தூசியே இல்லாத ஆய்வறை) இன்னொருத்தர் வேலை பார்க்கலாம். பெருங்குடியான் கேட்கிறது இதைத்தான்னு நினைக்கிறேன்.

பெருங்குடியான்:
அதேதான் சார். நன்றி.

தோல்காரன்:
1963க்கும் 2009க்கும் நடுவுல எத்தனை வருஷம்? 46. ஜப்பான்காரனுக்கு 46 வருஷம் கொடுப்பீங்க. நாங்க எப்பவோ சாலையைக் கடந்துட்டோம், அது கணக்குல வராது.

ட்சுகுபாவாசி:
46 வருஷம் சும்மா இருந்தாங்கன்னு நான் சொல்லலையே.

தோல்காரன்:
நீங்க கொடுத்த வருஷத்தைத்தான் கழிச்சேன்.

கோட்டூர் கல்யாணி:
தோல்காரன் சார், ஏ.சி. டெக்கைத் தவிர வேற உதாரணமே இல்லாத மாதிரி பேசாதீங்க. தரமணியில மேட்சயன்ஸ், அதான் கணித அறிவியல் நிறுவனம், 1962லேர்ந்து இருக்கு. அங்கத்து மாணவர் சிறுசேரியில இருக்கிற சிஎம்ஐ கணித நிறுவனத்துல போய்ப் பாடம் படிக்கலாம், அவங்க இங்கே வரலாம். நான் படிக்கும்போது ஒரு கருத்தரங்குக்காக பஸ்ல சிறுசேரி வரைக்கும் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்புவோம். நீங்க ஒரு சாலை. நாங்க மொத்த ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை).

தோல்காரன்:
மேடம், கணக்குக்குக் கரும்பலகை போதும். எங்களுக்கு டிரம் வேணும், தண்ணி வேணும், தோல் வேணும். கஷ்டம் வேற.

கோட்டூர் கல்யாணி:
கரும்பலகை போதும்னு சொல்லிட்டீங்களா? மேட்சயன்ஸ்ல கபுருன்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டினது உங்களுக்குத் தெரியுமா? போன தடவையும் இப்படித்தான் அலட்சியமாப் பேசிட்டு இழையை விட்டே ஓடிப்போனீங்க.

தோல்காரன்:
ஓடலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்பவே எழுதியிருந்தேன், தேடிப் பாருங்க.

கிண்டி மான்:
ஐஐடி ரிசர்ச் பார்க்கை யாருமே சொல்லலையே? தரமணியிலதானே இருக்கு.

பெருங்குடியான்:
அங்கே இருக்கிறது கம்பெனிகள். நான் கேட்டது நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவுல. என் கதையைச் சொல்றேன், அப்புறம் பேசுங்க. நான் வேலை பார்த்த ஆய்வகத்துல ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கி பழுதாயிடுச்சு. அதே மாதிரி ஒண்ணு பக்கத்து வளாகத்துல இருந்தது. எங்க மொட்டைமாடியிலிருந்து பார்த்தா அந்தக் கட்டடத்தோட ஏ.சி. பெட்டிங்க தெரியும். எங்க இயக்குநர் அவங்க இயக்குநருக்குக் கடிதம் எழுதணும். அவர் துறைத் தலைவருக்கு அனுப்பணும். துறைத் தலைவர் கட்டணம் நிர்ணயிக்கணும். அதுக்கு எங்க கணக்குப் பிரிவு ஒப்புக்கணும். ஏழு வாரம் ஓடிச்சு. கடைசியில மாதிரிகளைப் பஞ்சுல சுத்தி, டப்பால போட்டு, பெங்களூருக்குக் கூரியர் அனுப்பினேன். நாலாம் நாள் படம் வந்துடுச்சு. ரெண்டு நிறுவனத்தோட பேரையும் சொல்ல மாட்டேன். ரெண்டுலயும் நல்ல மனுஷங்க இருந்தாங்க. ஆனா வழி இல்லை. 1998ல தமிழக அரசாங்கமே இந்த நிறுவனங்களை இணைக்க இங்கே அறிவியல் நகரம்னு ஒரு அமைப்பு தொடங்கிச்சே, அந்த ஏழு வாரத்தைக் குறைக்கிறதை விட அதுக்கு வேற என்ன வேலை?

கிண்டி மான்:
இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. வருத்தமா இருக்கு.

தோல்காரன்:
உங்க கஷ்டம் புரியுது. ஆனா நீங்க முதல்ல சொன்னது "பேசினதே இல்லை". "ஏழு வாரம் ஆச்சு"ன்னு சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பேசினதே இல்லைன்னா, நான் கடந்த சாலை என்ன?

பெருங்குடியான்:
மறுபடி சாலையா? எழுதினதைப் படிச்சீங்களா இல்லையா?

தோல்காரன்:
ரெண்டு தடவை படிச்சேன். பெங்களூர் வரைக்கும் போயிருக்கீங்க. சாலைக்கு மட்டும் பதில் வரலை.

தமிழ்ப்பித்தன்:
ஒத்துழைப்பு வேறு, கூட்டாய்வு வேறு. முதலில் சொல்லைத் திருத்திக்கொண்டு வாதாடுங்கள்.

கோட்டூர் கல்யாணி:
வந்துட்டார்.

தோல்காரன்:
தமிழ்ப்பித்தன் ஐயா, எந்தச் சொல்லை வேணா வெச்சுக்கோங்க. 1948லேர்ந்து சிஎல்ஆர்ஐ அங்கே இருக்கு. எதிர்ல ஏ.சி. டெக் இருக்கு. நடுவுல சாலை. எங்க பேட்ச் ஆட்கள் நாலு பேருக்கு இந்த இழையை அனுப்பியிருக்கேன். அவங்க வந்து சொல்லட்டும்.

பெருங்குடியான்:
நாலு பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் அது கிளாஸ்தான் சார். அந்த நாலு பேர்ல ஒருத்தராவது பக்கத்து வளாகக் கருவியை ஒரு வாரத்துல வாங்கிப் பயன்படுத்தினவங்களா இருந்தா, அதை மட்டும் எழுதச் சொல்லுங்க.

தோல்காரன்:
கருவின்னு இப்பதான் சொல்றீங்க. நேத்து சொன்னது "முகம் கொடுத்துப் பேசினதே இல்லை".