இன்டர்வியூ முடிந்தது, அப்புறம் பதிலே இல்லையா? கனடா போயிருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

இரண்டு ரவுண்டு இன்டர்வியூ முடித்து, "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று அவர்கள் சொன்னதை நம்பி, மூன்று வாரமாக மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். டொரன்டோவில் பல வருஷம் வேலை பார்த்தபோது ஆள் எடுக்கும் பேனலில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மதுரைக்கே திரும்பி கே.கே.நகரில் இருக்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எங்கெங்கிருந்தோ பெற்றவர்கள் போன் பண்ணி, "பையன் இன்டர்வியூ முடிச்சு மாசமாச்சு, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாங்களாம், நீங்க யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லி அங்கே எதுவும் நடக்காது. ஆனால் நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

பதில் வரவில்லை என்பதை வைத்து உங்கள் திறமையை எடை போடாதீர்கள். உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான்: முதல் ஆளாக ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆஃபர் கொடுத்திருப்பார்கள், அவர் சம்பளம் பேசி, யோசித்து, கையெழுத்துப் போட ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும், அதுவரை இரண்டாவது ஆளுக்கு "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் முதல் ஆள் வராவிட்டால் அவர்தான் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நீங்களாக இருக்கலாம். சில சமயம் பட்ஜெட் அனுமதி நின்றுவிடும், மேனேஜர் லீவில் போய்விடுவார், உங்களோடு பேசிக்கொண்டிருந்த ரெக்ரூட்டரே கான்ட்ராக்ட் முடிந்து கிளம்பியிருப்பார். நான் இருந்த ஒரு பேனலில் எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு அந்த வேலையையே நிறுத்திவைத்தார்கள், வந்தவர்களிடம் என்ன சொல்வது என்று ஹெச்.ஆர். முடிவெடுக்காமலே வாரங்கள் ஓடின. அது எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் விஷயம், மனிதர்களை அப்படிக் காக்கவைக்கக் கூடாது.

நம்ம ஊரில் தகவல் வரவில்லை என்றால் நேரில் போய் நிற்போம், அல்லது அங்கே தெரிந்த ஆளைப் பிடிப்போம், ஹெச்.ஆருக்கு வாட்ஸாப்பில் செய்தி போடுவோம். இங்கே பல இடங்களில் அதனால் வேலையும் கிடைத்துவிடும், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அங்கே சொல்லாமல் ரிசப்ஷனில் போய் நின்றால் உங்கள் பேருக்குத்தான் கேடு. மேனேஜரின் சொந்த மொபைலுக்குக் கூப்பிடுவதும் அப்படித்தான். எழுத்தில் கேளுங்கள், மெயிலில் கேளுங்கள்.

இதற்கான வேலை இன்டர்வியூ முடிவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள் அல்லவா, அப்போது கம்பெனியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, "முடிவு எப்போது தெரியும்? அதற்குள் தகவல் வராவிட்டால் நான் யாருக்கு எழுதலாம்?" என்று கேட்டுவிடுங்கள். நிறைய பேர் கூச்சத்தில் கேட்பதில்லை. கேட்டால் தப்பாக நினைக்கவே மாட்டார்கள், ஒரு தேதியும் ஒரு ஆளும் கையில் கிடைக்கும். அன்றைக்கோ மறுநாளோ ஒரு நன்றி மெயில் போட்டுவிடுங்கள். மூன்று வரி போதும், பேசியதில் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு எழுதினால் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

சரி, சொன்ன தேதி தாண்டிவிட்டது. தாண்டிய அன்றே எழுத வேண்டாம், இரண்டு மூன்று வேலை நாள் விடுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து எழுதுங்கள். டிசம்பர் கடைசி இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரையில் ஒரு ஆபீஸ் வேலை நடக்கும் என்று நாம் எதிர்பார்ப்போமா, அங்கே கிறிஸ்துமஸ் சமயம் அப்படித்தான். இன்னொன்று, கனடாவில் தேங்க்ஸ்கிவிங் என்ற பண்டிகை விடுமுறை அக்டோபர் இரண்டாம் திங்கள், அமெரிக்காவில் நவம்பர் நாலாவது வியாழன். கம்பெனி அமெரிக்கக் கம்பெனி என்றால் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயிலைப் புதிதாக ஆரம்பிக்காமல் அவர்கள் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அதே மெயிலுக்குப் பதிலாகப் போடுங்கள். அப்போது முந்தைய பேச்சு எல்லாம் கீழேயே இருக்கும், படிக்கிறவர் தேட வேண்டியதில்லை. வேலையின் பேர், அதற்கு நம்பர் இருந்தால் நம்பர், இன்டர்வியூ நடந்த தேதி, எனக்கு இந்த வேலையில் இன்னும் விருப்பம் இருக்கிறது, முடிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா, என்னிடமிருந்து வேறு எதுவும் தேவையா. அவ்வளவுதான். அவருடைய பேரைச் சொல்லியே எழுதலாம், அங்கே அது மரியாதைக் குறைவு கிடையாது. வீட்டு வாடகை, படிப்புக்கு வாங்கிய லோன், ஊரில் அடகுவைத்த நகை இதெல்லாம் அந்த மெயிலில் வர வேண்டாம். உங்கள் கஷ்டம் உண்மை, எனக்குத் தெரியும், ஆனால் படிக்கிறவருக்கு அதை வைத்து முடிவெடுக்க அதிகாரம் கிடையாது, சங்கடப்பட்டுப் பதில் போடாமலே விட்டுவிடுவார்.

அதற்கும் பதில் இல்லையென்றால் ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொரு மெயில், இன்னும் சின்னதாக. அதோடு நிறுத்துங்கள். உண்மையிலேயே வேறு இடத்தில் ஆஃபர் வந்து, குறிப்பிட்ட தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் மூன்றாவது எழுதலாம், அந்த மெயிலுக்குப் பெரும்பாலும் சீக்கிரம் பதில் வரும். இல்லாத ஆஃபரை இருக்கிறது என்று எழுதாதீர்கள், "சரி, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்?

உங்களை ரெஃபர் பண்ணிய நம்ம ஊர்க்காரர் அந்தக் கம்பெனியில் இருந்தால் அவரிடம் ஒருமுறை கேட்கலாம், அந்த வேலை இன்னும் திறந்திருக்கிறதா என்று மட்டும். மேனேஜரிடம் போய்ப் பேசச் சொல்லாதீர்கள். ஊரில் உங்கள் அப்பா அவருடைய அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்பது வேண்டவே வேண்டாம், அவரும் அங்கே சம்பளத்துக்கு இருக்கும் ஆள்தான்.

அப்புறம், சட்டம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு உங்களை இன்டர்வியூ பண்ணினால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். வீடியோவில் நடந்ததும் சேரும், முதலில் சும்மா ஆளை வடிகட்டப் பேசும் போன் கால் சேராது. காரணம் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வங்கி, டெலிகாம், விமான நிறுவனங்கள் மத்திய அரசின் தொழிலாளர் சட்டத்தில் வருவதால் இது அவர்களுக்குப் பொருந்தாது. மற்ற மாகாணத்தில் இருப்பவர்கள் இதைக் காட்டிக் கேட்க முடியாது. 45 நாள் தாண்டினால் மரியாதையாக ஒரு மெயில் போட்டு, முடிவு ஆகிவிட்டதா என்று கேளுங்கள். சட்டப் பிரிவு எண் போட்டு மிரட்டுவதால் வேலை கிடைக்காது, ஆனால் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்து கேட்பது நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு இடத்தை நம்பி மற்ற இடங்களுக்கு அப்ளை பண்ணுவதை நிறுத்தாதீர்கள். இன்டர்வியூ நன்றாகப் போனது என்று கடையிலோ வேர்ஹவுஸிலோ பார்க்கும் வேலையை விட்டுவிடாதீர்கள், ஆஃபர் லெட்டர் கையெழுத்தாகும் வரை அந்தச் சம்பளம்தான் உங்கள் தைரியம். அமெரிக்காவில் படித்து முடித்து ஓபிடியில், அதாவது மாணவர் விசாவில் வேலை பார்க்கத் தரும் அனுமதியில், இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், முதல் ஓபிடி காலத்தில் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம், அந்தக் கம்பெனி உங்களுக்குப் பதில் போடும்வரை அந்தக் கணக்கு நிற்காது.

ஒருவேளை அவர்கள் பதில் சொல்லி, உங்களுக்குத்தான் வந்து சேரவில்லையோ என்றும் பாருங்கள். ஸ்பாம் போல்டர் ஒன்று. ரெஸ்யூமில் பழைய இந்திய நம்பரே கிடக்கிறதா என்பது இன்னொன்று, சிம் மாற்றியவர்கள் நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். வாய்ஸ்மெயில் நமக்குப் பழக்கமே கிடையாது, ஆனால் அங்கே ரெக்ரூட்டர் கூப்பிட்டு நீங்கள் எடுக்காவிட்டால் அதில்தான் சொல்லிவிட்டு வைப்பார். உங்கள் பேரைச் சொல்லி ஒரு வாழ்த்தைப் பதிவுசெய்து இன்றைக்கே அதைத் திறந்துவையுங்கள். தெரியாத நம்பரை எல்லாம் கட் பண்ணாதீர்கள்.

காத்திருந்து களைத்துப்போன சமயத்தில்தான் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். கம்பெனி பேரில், ஆனால் சாதாரண ஜிமெயிலிலிருந்து, "செலக்ட் ஆகிவிட்டீர்கள், டிரெய்னிங்குக்குப் பணம் கட்டுங்கள்" என்றோ, "செக் அனுப்புகிறோம், போட்டுவிட்டு மீதியை லேப்டாப் விற்பவருக்கு அனுப்புங்கள்" என்றோ வந்தால் பதிலே போடாதீர்கள். அந்த செக் பின்னால் திரும்பிவிடும், நீங்கள் அனுப்பிய பணம் திரும்பாது. எஸ்.ஐ.என். நம்பரிலும் (கனடாவில் வேலை பார்க்க அரசு தரும் அடையாள எண்) கவனமாக இருங்கள், வேலைக்கு எடுத்த பிறகு கொடுத்தால் போதும், வேலையில் சேர்ந்து மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்கு முன்னால் யார் கேட்டாலும் ஏன் என்று கேளுங்கள்.