சூடம் அணைக்க வரலைன்னா சாட்சி போச்சா?

தொட்டபெட்டா மூடுபனி:
நேத்து பக்கத்துத் திரியில கோத்தகிரி காரன் எழுதினது: "வேலித் தகராறு கேஸ்ல எதிர்த்தரப்பு சாட்சியைக் கோவில் வாசல்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணக் கூப்பிட்டாங்க, வரலை. சாமி பயம் இல்லாதவன் சாட்சி கோர்ட்ல நிக்காது." அதுக்குக் கீழ வரிசையா கும்பிடு பொம்மை வேற. சட்டம் படிச்சவங்களும் சேர்ந்து கும்பிட்டிருக்கீங்க, அதான் எரிச்சல்.

யார் சாட்சி சொல்லலாம்னு 1872 சாட்சியச் சட்டம் 118-வது பிரிவுல இருக்கு. அதுக்குப் பதிலா வந்த புது பாரதிய சாக்ஷ்ய அதினியத்துல 124. கேள்வி புரியணும், புரிஞ்சு பதில் சொல்ல முடியணும். சின்ன வயசு, தள்ளாமை, உடம்பு மனசு நோய், இதுமாதிரி காரணத்தால அது முடியலைன்னு கோர்ட் நினைச்சாதான் தடை. சாமி கும்பிடாதது அதுல எங்க வருது?

கோத்தகிரி காரன்:
சாட்சி சொல்லவே கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்? நிக்காதுன்னேன். குறுக்கு விசாரணையில "ஏன்யா சூடம் அணைக்க வரலை?"ன்னு ஒரே கேள்வி, ஆள் காலி. அப்படிக் கேட்கக்கூடாதுன்னு எந்த செக்ஷன் சொல்லுது? நம்பர் சொல்லுங்க சார்.

தொட்டபெட்டா மூடுபனி:
நம்பர்தானே. பழைய 146, புது 149. குறுக்கு விசாரணையில மூணு விஷயத்துக்குக் கேட்கலாம்: அவர் சொல்றது நிஜமானு சோதிக்க, அவர் யாரு என்னனு தெரிஞ்சுக்க, குணத்தைக் கெடுத்து நம்பகத்தை ஆட்ட. உங்க சூடம் மூணாவதுல வருது. மூணாவதுல வந்தா வக்கீல் வாய்க்கு வந்ததைக் கேட்க முடியாது. பதில் சொல்லணுமா வேண்டாமான்னு ஜட்ஜ் முடிவு பண்ணுவார் (148, புதுசு 151). அந்தக் குற்றச்சாட்டு நிஜம்னே வெச்சுக்கிட்டாலும், சாட்சி சொல்ற விஷயத்துல அவரை நம்புறதை அது பாதிக்குமான்னு பார்ப்பார். வேலி எங்க இருந்ததுன்னு சொல்ல வந்தவருக்கு சாமி நம்பிக்கை எதுக்கு? அதுக்கு மேல, அவமானப்படுத்தவோ எரிச்சலூட்டவோ கேட்கிற கேள்வியைக் கோர்ட் தடுத்தே ஆகணும். 152, புதுசு 155.

குன்னூர் குமாஸ்தா:
மூடுபனி தம்பிக்குப் புதுப் புஸ்தகம் மட்டும்தான் தெரியும் போல. 1873 பிரமாணச் சட்டம்னு ஒண்ணு இருந்தது. 8-வது பிரிவுல இருந்து பாருங்க. அவங்கவங்க குலவழக்கப்படி சத்தியம் வாங்கலாம், நீதிக்கும் கண்ணியத்துக்கும் ஒவ்வாததா இருக்கக்கூடாது, மூணாம் ஆளைப் பாதிக்கக்கூடாது. மறுத்தா, கேட்டதையும் மறுத்ததையும் சொன்ன காரணத்தையும் கோர்ட் பதிவு பண்ணணும். 12-வது பிரிவு. ஊர்ல சூடம் சும்மா வரலை.

தொட்டபெட்டா மூடுபனி:
குமாஸ்தா அண்ணே, அதே 12-ல முதல் பகுதியை மட்டும் ஏன் முழுங்கினீங்க? மறுத்தவரைக் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னுதான் அது ஆரம்பிக்குது. மறுத்தா பொய்யன்னு அதுல எங்கயும் இல்லை. "நீ சத்தியம் பண்ணு, நான் கட்டுப்படுறேன்"னு வாய்விட்டவருக்கு எதிராத்தான் அந்தச் சத்தியம் முடிவான சான்று, 11-வது பிரிவு. சரி, அந்தச் சட்டமே 1969-ல போச்சு. புதுப் பிரமாணச் சட்டத்துல எதிர்த்தரப்பு கேட்டு வாங்குற விசேஷ சத்தியத்தைத் தூக்கிட்டாங்க. கடவுள் பேர்ல சத்தியம், இல்லைன்னா மனசார உறுதிமொழி, எது வேணும்னாலும் எடுக்கலாம். ரெண்டுல எதை எடுத்துப் பொய் சொன்னாலும் ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்.

சத்தியமே விட்டுப்போனாலும் சாட்சியம் செல்லும்னு அந்த 1969 சட்டத்தோட 7-வது பிரிவு சொல்லுது. பழைய சட்டம் இருந்தப்பவே, 1951 டிசம்பர்ல, ராமேஷ்வர் வழக்குல சின்னப் பொண்ணுக்குப் பிரமாணம் செய்து வைக்கலைன்னு கிளம்பினப்போ சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கலை.

கோத்தகிரி காரன்:
இவ்வளவு நீளத்துல நான் கேட்ட நம்பர் வரலையே. மதம் பத்திக் கேட்கக்கூடாதுன்னு எந்த செக்ஷன்?

பச்சைத்தேயிலை:
அண்ணே, சூடத்தைக் கூண்டுக்குள்ளயே ஏத்திடலாம். அணைஞ்ச கட்டியை பி-3 சான்றாவணம்னு குறிச்சு சீல் வெச்சுக்கலாம். இதே கோத்தகிரி காரன்தான் தேயிலை விலைத் திரியில "ஆதாரம் கேட்காதே, நம்பு"ன்னவர். எதுவும் மாறலை.

கோத்தகிரி காரன்:
விலைத் திரியை இங்க இழுக்காதே. உன் ஃபேக்டரி கணக்கு அங்கயே சந்தி சிரிச்சுது.

மலைப்பூண்டு:
கொடைக்கானல்ல இருந்து ஒரு வார்த்தை. அமெரிக்க சாட்சிய விதிகள்ல 610-னு ஒண்ணு இருக்கு. சாட்சியோட மத நம்பிக்கையைக் காட்டி அவர் நம்பகத்தைக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாதுன்னு பச்சையா எழுதியிருக்கு. நம்ம சட்டத்துல அப்படி வரியே இல்லை. அந்த ஒரு விஷயத்துல கோத்தகிரி அண்ணன் கேட்கிறது நியாயம்தான்.

கோத்தகிரி காரன்:
கேட்டுக்கோங்க! மேடமே சொல்லிட்டாங்க. செக்ஷன் இல்லை.

தொட்டபெட்டா மூடுபனி:
மேடம் பாதியில நிறுத்திட்டாங்க. சர்ச்சே கட்சியா நிக்கிற வழக்குல, சாட்சி அந்த சர்ச்சைச் சேர்ந்தவரான்னு கேட்கிறதை 610 தடுக்காதுன்னு அந்த விதியோட குறிப்புலயே இருக்கு. அது பக்தி இல்லை, ஆதாயம். நம்ம சட்டத்துலயும் இதே கோடுதான், வேற பிரிவுல கிடக்கு.

கோவில் நிலக் கேஸ்னு வைங்க. "கமிட்டியில இருக்கீங்களா? குத்தகைப் பணம் உங்க கையில வருதா?" இது பாரபட்சம் பத்தின கேள்வி. இல்லைன்னு சொன்னா கமிட்டி மினிட்ஸ் புக்கைக் கொண்டுவந்து மறுக்கலாம், 153-ல ரெண்டாவது விதிவிலக்கு, புதுசு 156. "சாமி கும்பிடுவீங்களா?"ன்னு கேட்டு "இல்லை"ன்னு பதில் வந்தா அதோட சரி. பூசாரியைக் கூண்டுல ஏத்தி மறுக்க வழியே இல்லை. பொய் சொல்லியிருந்தா தனியா நடவடிக்கை எடுத்துக்கலாம், இந்த வழக்குல அதுக்கு மேல தோண்ட முடியாது.

மலைப்பூண்டு:
மறுக்க முடியாதுங்கிறது வேற, கேட்கக்கூடாதுங்கிறது வேற. ரெண்டையும் குழப்புறது நீங்கதான் சார். ஊட்டிக்காரங்க திண்டுக்கல் ஜில்லாவுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

குன்னூர் குமாஸ்தா:
அதான். கேட்டது கேட்டதுதான். ஜட்ஜ் காதுல விழுந்தாச்சு.

தொட்டபெட்டா மூடுபனி:
விழாம பார்த்துக்கத்தான் வக்கீல் இருக்கார். கேள்வி முடிஞ்சதும், சாட்சி வாய் திறக்கிறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும். ஆட்சேபணையை மீறி ஜட்ஜ் அனுமதிச்சா, சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 18 விதி 11 படி கேள்வி, பதில், ஆட்சேபணை, ஆட்சேபிச்சவர் பேர், ஜட்ஜோட முடிவு எல்லாம் எழுத்துல ஏறணும். அப்பீல்ல அதுதான் கை கொடுக்கும். நம்ம பக்கம் நடக்கிறது என்ன? பதில் டைப் ஆனப்புறம் எழுந்து "அப்ஜெக்ஷன்"னு ஒரு சத்தம், அடுத்த வாய்தாவுக்குக் கிளம்பிடுறது.

அப்புறம், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு சூடத்துக்குக் கட்டுப்படுறதுன்னா அது சாட்சியம் இல்லை, ராஜி. கட்டளை 23 விதி 3. எழுத்துல இருக்கணும், ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். வாய்ப்பேச்சுல ஊர்ப் பெரியவங்க முன்னாடி ஒத்துக்கிட்டது அந்த விதிக்குள்ள வராது.

கோத்தகிரி காரன்:
சூடம் வேண்டாம்னா வேலி எங்க இருந்ததுன்னு யார் சொல்றது? உங்க விதி 11-ஆ?

தொட்டபெட்டா மூடுபனி:
கட்டளை 26 விதி 9. கோர்ட் கமிஷனர் போட்டு, சர்வேயரைக் கூட்டிட்டுப் போய், புலப்படத்தை (சர்வே வரைபடம்) வெச்சு அளக்கணும். அதுலயும் கவனம். புலப்படத்துல இருக்கிறது கிடை அளவு, அதாவது சரிவோட போகாம மட்டமா அளந்த தூரம். 30 டிகிரி சரிவுல 20 மீட்டர் டேப்பைத் தரையோட படுக்கப் போட்டா கிடை அளவு 17.3 மீட்டர்தான். மீதி 2.7 மீட்டருக்குத்தான் பாதி மலை அடிச்சுக்குது. சாமி கும்பிடுறவன் பிடிச்சாலும் கும்பிடாதவன் பிடிச்சாலும் டேப் அதேதான் காட்டும்.

பச்சைத்தேயிலை:
தேயிலைத் தோட்டத்துல டேப்பைக் கிடையா எப்படிப் பிடிப்பீங்க? செடி இடுப்பு உயரம் நிக்குது.

தொட்டபெட்டா மூடுபனி:
துண்டு துண்டா. சரிவுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமா கிடையாப் பிடிச்சு, தூக்கு குண்டு விட்டுப் புள்ளியைத் தரைக்கு இறக்கி, அங்க இருந்து அடுத்த துண்டு. ஒவ்வொரு இறக்கத்துலயும் கொஞ்சம் பிசகும், அதனால மேல இருந்து கீழ வரணும்.

குன்னூர் குமாஸ்தா:
தூரத்தையும் கோணத்தையும் தானே அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவி வந்து எத்தனை காலம் ஆச்சு. இன்னும் தூக்கு குண்டு! 1873-ஐப் பழசுன்னு சொன்ன வாய் இது.

கோத்தகிரி காரன்:
செக்ஷன் நம்பர் இன்னும் வரலை.

தொட்டபெட்டா மூடுபனி:
148, 152, 153. மூணு கொடுத்தாச்சு. புது நம்பரா வேணும்னா 151, 155, 156. உங்க கேஸ் 2024 ஜூலை 1-க்கு முன்னாடியே விசாரணையில இருந்தா பழைய நம்பரையே எழுதுங்க, மாத்தி எழுதினா எதிர் வக்கீல் அதையே பிடிச்சுத் தொங்குவார்.

மலைப்பூண்டு:
மூணுமே மதத்தைப் பத்தி இல்லை.

பச்சைத்தேயிலை:
குமாஸ்தா அண்ணே, டோட்டல் ஸ்டேஷன் வாடகையை யார் கட்டுறது? வாதியா, பிரதிவாதியா?

குன்னூர் குமாஸ்தா:
கமிஷன் கேட்டு மனு போட்டவன்தான் முதல்ல கட்டணும். இது கூடத் தெரியாம விலைத் திரியில எப்படிப்பா அவ்வளவு பேசினே?