லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?

மேற்கு மாம்பலத்திலிருந்து:

எங்கள் ஃபிளாட்டை இடித்துக் கட்டுவது பற்றிப் பேச வந்த பில்டர் ஆபீஸ் பையன் மொட்டை மாடியில் நின்றுகொண்டு கேட்டான்: "லேக் வியூ ரோடுன்னு பேரு இருக்கே சார், லேக் எங்க?" ரயில் பாதைக்குக் கிழக்கே கை காட்டினேன். அங்கே தி. நகரின் கட்டடங்கள்தான் தெரிந்தன. "அதுதான் லேக்" என்றேன். அவன் நம்பவில்லை.

ஆனால் உண்மை அதுதான். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துப் புது நகர் போட்டார்கள். சர் பிட்டி தியாகராயர் பெயரை அதற்கு வைத்தார்கள். பனகல் பூங்கா, உஸ்மான் சாலை என்று அங்குள்ள பெயர்களில் பாதி அந்தக் கட்சிக்காரர்களுடையவை. ஏரி போனது, ஏரியைப் பார்த்திருந்த எங்கள் பக்கத்துச் சாலையில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எங்கள் மனையில் முன்பு ஒண்டுக்குடித்தன வீடு ஒன்று இருந்தது. நடுவில் முற்றம், பின்னால் கிணறு. அதை இடித்து 1984இல் எட்டு ஃபிளாட் கட்டினார்கள். கிணற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். இரண்டு கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடி. ஆளுக்கு 600 சதுர அடி யூடிஎஸ், அதாவது மனையில் பிரிக்காத நிலப் பங்கு. இந்தப் பங்குதான் இப்போது பில்டர்களை எங்கள் தெருவுக்கு அழைத்து வருகிறது. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. முன்பு அது 1.5, அதாவது எங்கள் மனையில் 7200 சதுர அடி கட்டலாம். 2019 விதிகளில் அது 2 ஆனது, 9600 கட்டலாம். சாலை அகலமாக இருந்தால் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யும் வாங்கிக்கொள்ளலாம். பழைய ஆட்களுக்கு அவரவர் அளவைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை விற்றுத்தான் பில்டர் செலவையும் லாபத்தையும் எடுக்கிறார். எங்கள் தெருவில் மட்டும் இப்போது மூன்று இடங்களில் நீலத் தகரம் அடைத்திருக்கிறது.

ஏழு வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டோம். முதல் மாடிப் பாட்டி மட்டும் மறுத்தார். காசு போதவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நான் போய்க் கேட்டேன். பிளானை என் பக்கம் திருப்பி, கிணறு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அங்கே கார் பார்க்கிங் என்று போட்டிருந்தது. "கிணத்த மூடற காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேம்ப்பா. 2019ல என்ன குடிச்சே?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரிக்கு நாள் கணக்கில் காத்திருந்தோம். குளிக்க, துவைக்க, கடைசியில் காய்ச்சிக் குடிக்கவும் கிணறுதான் கொடுத்தது. 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாடித் தண்ணீரைக் கிணற்றில் விடும்படி ஆள் வைத்துக் குழாய் போட்டவரும் இதே பாட்டிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதே, அப்போதும் மண் தன் பழைய நினைப்பைக் காட்டிவிட்டுப் போனது.

2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். எட்டில் ஆறு பேர். பாட்டி இல்லாமலே வேலையைத் தொடங்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஒரு ஆள் முரண்டு பிடித்ததால் பாழடைந்து நிற்கும் கட்டடங்களை நானும் பார்த்திருக்கிறேன், அதற்கு இந்தச் சட்டம் தேவைதான். ஆனால் சரியான காரணம் சொல்பவரை ஓரங்கட்ட அதைப் பயன்படுத்துவது தப்பு. பிளானை மாற்றச் சொல்லியிருக்கிறோம். ஒரு கார் இடம் குறையும். எங்களிடம் கார் இல்லை, அந்த இடத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம்.

உங்கள் பகுதியில் இப்படி நடந்ததா? எழுதுங்கள்.

நுங்கம்பாக்கத்திலிருந்து:

அந்த ஏரியின் வடக்குக் கோடிதான் எங்கள் பகுதி. முகவரியிலேயே "லேக் ஏரியா" என்று வரும். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. பத்து வருஷத்துக்கு முன் இங்கே பழைய ஃபிளாட் வாங்கினேன். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டினேன், எல்லாம் சுத்தம். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று யாரிடமும் கேட்கவில்லை. முதல் ஐப்பசியிலேயே மீட்டர் பெட்டி வரை ஏறியது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர்தான் தன் வண்டியை எந்த மேட்டில் ஏற்றி வைப்பார் என்று காட்டினார். வாங்குவதற்கு முன் அவரிடம் ஐந்து நிமிஷம் நின்று பேசியிருந்தால் வக்கீல் சொல்லாததெல்லாம் தெரிந்திருக்கும். இப்போது யார் வீடு பார்க்க வந்தாலும் அவரிடம்தான் முதலில் அனுப்புகிறேன்.

அசோக் நகரிலிருந்து, வாடகைக்கு இருப்பவர்:

நான் ஒன்று கேட்கலாமா? எட்டு வீட்டிலும் உரிமையாளர்களே இருக்கிறீர்களா? நாங்கள் இருந்த கட்டடத்தையும் போன வருஷம் இடித்தார்கள். கட்டி முடிக்கும் வரை வீட்டுக்காரருக்கு பில்டர் மாத வாடகை கொடுத்தார். எங்களுக்கு ஒரு மாதம் முன்னால் ஃபோன் வந்தது, அவ்வளவுதான். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. நான் போன இடத்திலெல்லாம் பத்து மாதம் கேட்டார்கள். பன்னிரண்டு வருஷம் இருந்த தெருவை விட்டு, மகளின் பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறும் தூரத்துக்குப் போனோம். அந்தக் கட்டடத்தின் கதையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேற்கு மாம்பலத்திலிருந்து:

உங்கள் கேள்வியை நேற்று இரவு கூட்டத்தில் அப்படியே படித்தேன். எட்டில் இரண்டு வீடு வாடகைக்கு விட்டவை. இத்தனை கூட்டம் போட்டும் அவர்களை ஒருமுறைகூட அழைக்கவில்லை. இரண்டாம் மாடியில் இருப்பவர்களின் பையன் பத்தாவது படிக்கிறான். பரீட்சை முடிந்த பிறகே கட்டடத்தைக் காலி செய்து கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். இதை முதலில் எழுப்பியிருக்க வேண்டியவன் நான். பாட்டியும் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார், கிணற்றின் விட்டத்தையும் ஆழத்தையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லி. இன்று காலை டேப்பின் ஒரு முனையை அந்தப் பையன் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து அளந்தோம்.