இரண்டாம் வகுப்பு மகளை வீட்டில் வைத்தே படிக்க வைக்கலாமா?

மதுரைவாசி எழுதியது:

வணக்கம். என் மகளுக்கு 7 வயது. தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஐந்து மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனாலே வயிற்றுவலி என்கிறாள்; மருத்துவரோ உடம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார். சீருடையின் காலர் நுனியை மென்று மென்று நூல் பிரித்துவிட்டாள். வீட்டில் படக்கதைகளைத் தானாகவே எழுத்துக்கூட்டி வாசிப்பவள், பள்ளி நோட்டைத் திறந்தால் எழுத்தே தெரியாதவள்போல் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளியிலிருந்து நிறுத்தி நானே சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். சட்டப்படி இது தவறாகுமா? பிற்பாடு பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? "பிள்ளையை நாலு பேரோடு பழகவிடாமல் செய்துவிடாதே" என்கிறார் என் மாமியார். இதைக் கடந்து வந்த தாய்மார்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஈரோட்டுக்காரி எழுதியது:

சகோதரி, நான் இந்த முடிவுக்கு ஒரே நாளில் வரவில்லை, திட்டமிட்டும் வரவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது என் மகளும் இரண்டாம் வகுப்பில்தான் இருந்தாள். 2021 நவம்பர் 1 அன்று சிறு வகுப்புகளைத் திறந்தபோது, இடைப்பட்ட காலத்தில் அவள் எவ்வளவு கற்றிருந்தாள் என்பதைக் கண்ணால் பார்த்திருந்த எனக்குத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்கு மேசை போட்டு, பாடவேளை பிரித்து, சுவரில் கால அட்டவணை ஒட்டி, வீட்டையே இன்னொரு பள்ளியாக்கிவிட்டேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அவளும் அழுதாள், நானும் அழுதேன். அதன்பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. அந்த மாதங்களில் எனக்கிருந்த பயத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஒருநாள் இட்லிக்கு ஊறவைக்கும்போது, நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் ஆறு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு என்று அவளாகவே கேட்டாள். ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை என்று அவளே கண்டுபிடித்தாள். பின்னத்தை நான் அதற்குமுன் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிற்பாடு அவற்றை எடுத்தபோது, ஒரு வருடப் பாடத்தை முடிக்க அவளுக்கு ஒரு வருடம் தேவைப்படவில்லை.

சான்றிதழுக்கு இரண்டு வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, எழுதிவிட்டுப் பிற்பாடு பத்தாம் வகுப்புக்குப் போகலாம். 14 வயது நிறைந்தபின், மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் நேரடியாகப் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் தேறினால் போதும், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது, ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட முடிக்கலாம். என் மகளுக்கு இப்போது 13 வயது. இரண்டாவது வழிதான் எங்கள் எண்ணம்.

ஆனால் என் மகன் கதை வேறு. நான்காம் வகுப்பு வயதுவரை வீட்டிலிருந்தவன், கபடிக் குழு வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளிக்குப் போகிறேன் என்றான். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் இப்போது ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

அரசுப் பள்ளி ஆசிரியை எழுதியது:

சட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குரியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியைப் பற்றி அது பேசவே இல்லை. ஆகவே நடைமுறையில் நிகழ்வது இதுதான்: பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க எங்களைப் போன்றவர்கள் வீடு தேடி வருவோம், ஏன் அனுப்பவில்லை என்று கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள், வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளையும் இதே கேள்வியால்தான் கண்டுபிடிக்கிறோம். நிறுத்துவதானால் மாற்றுச் சான்றிதழை முறையாக வாங்கி, எமிஸ் எண்ணை (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) குறித்து வையுங்கள். திரும்பச் சேர்க்கும்போது உதவும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஞாயிறு மாலை வயிற்றுவலி பள்ளி என்ற அமைப்பின் மீதான வெறுப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஆசிரியர், வேன் பயணம், அல்லது கழிவறைக்குப் போகப் பயம் என எதுவாகவும் இருக்கலாம். என் வகுப்பிலேயே கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்பதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த சிறுமி ஒருத்தி உண்டு. காரணம் தெரியாமல் நிறுத்தினால், அந்தப் பயம் உங்கள் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மதுரைவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. தாழ்ப்பாள் விஷயத்தைப் படித்ததும் மகளிடம் மெதுவாகக் கேட்டேன். கழிவறை இல்லை, இடது கையால் எழுதுகிறாள் என்று வகுப்பில் தினமும் கையை மாற்றச் சொல்கிறார்களாம். நாளை பள்ளிக்குப் போய்ப் பேசப்போகிறேன். ஈரோட்டுச் சகோதரி, ஒன்று கேட்க விட்டுப்போயிற்று: நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்களா?

ஈரோட்டுக்காரி எழுதியது:

முழுவதும் விடவில்லை. கணக்கு எழுதும் வேலையை வீட்டிலிருந்தே அரை நாள் செய்கிறேன். வருமானம் பாதியாகிவிட்டது, அதை மறைப்பதற்கில்லை. நாளை பள்ளியில் பேசிவிட்டு வாருங்கள். கையை மாற்றச் சொல்வதை அவர்கள் நிறுத்தினால், இந்தக் கல்வியாண்டு முடியும்வரை பொறுத்துப் பாருங்கள். நிறுத்தாவிட்டால் எழுதுங்கள், மாற்றுச் சான்றிதழ் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பத்தின் நகலை அனுப்புகிறேன்.